சரமையின் சாபம்

வேலப்பன்சாவடியிலிருந்து வேப்பேரிக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டாம். மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை, கீழ்ப்பாக்கம் என்று பூந்தமல்லி நெடுஞ்சாலை ஒரே போக்காகப் போகிறது. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் நல்லது. ஒன்பது மணிக்கு என்றால் அன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருப்பதால், திருவேற்காடு, அயனம்பாக்கம் பக்கத்துக் குடும்பங்கள் தங்கள் பொமேரியனையோ பக்கையோ ஷிட்சுவையோ தூக்கிக்கொண்டு அந்த வழியில் போவதைப் பார்க்கலாம்.

பயணம் ஒத்துக்கொள்ளாத நாய்க்குச் சாவியைத் திருப்பும் முன்பே தொடங்கிவிடும். முதலில் உதட்டை நக்கும். பிறகு கொட்டாவி விடும். தூக்கத்தில் வரும் கொட்டாவி அல்ல அது. காது பின்னால் ஒட்டிக்கொள்ளும். மோவாய்க்குக் கீழே மயிர் எச்சிலில் நனைந்து திரிதிரியாகத் தொங்கும். மதுரவாயல் தாண்டுவதற்குள் சீட்டில் விரித்த பழைய துண்டின்மேல் காலையில் தின்ற இட்லி அப்படியே கிடக்கும். பின்சீட்டில் இருக்கும் அம்மா, “ஒண்ணும் இல்லடா செல்லம், இதோ வந்துட்டோம்” என்று சொல்லிக்கொண்டே வருவார். வேப்பேரிக்கு இன்னும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்.

அந்த வாக்கியம் யாருக்காகச் சொல்லப்படுகிறது என்பது பார்வைக்குத் தோன்றுவதைவிடச் சிக்கலான கேள்வி. மனிதனின் துன்பத்தில் பாதியை ‘எதற்காக’, ‘எவ்வளவு நேரம்’ என்ற இரண்டு தகவல்கள் குறைத்துவிடுகின்றன. பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பத்து நிமிட வேலை என்று தெரியும். நாய்க்குத் தெரியாது. வண்டி நிற்கும் என்றோ, வயிற்றில் புரள்வது தணியும் என்றோ, ஊசிக்குப் பிறகு வீடு திரும்புவோம் என்றோ அதற்குச் சொல்லிப் புரியவைக்க வழியில்லை. காரணம் சொல்ல முடியாத உயிருக்கு ஆறுதல் சொல்வது எப்படி? அப்படிப்பட்ட உயிரை அதன் நன்மைக்காகவே துன்பத்துக்குள் அழைத்துப் போகிறவருக்கு என்ன கடமை?

மகாபாரதம் நாயில் முடிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது நாயில்தான் தொடங்கவும் செய்கிறது என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. ஆதி பருவத்தின் முற்பகுதியிலேயே ஜனமேஜயன் குருக்ஷேத்திரத்தில் வேள்வி நடத்துகிறான். ஒரு நாய்க்குட்டி அங்கே வருகிறது. அரசனின் தம்பிகள் அதை அடித்து விரட்டுகிறார்கள். குட்டி அழுதுகொண்டே தன் தாய் சரமையிடம் ஓடுகிறது. அவியை நக்கவும் இல்லை, ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை என்கிறது. சரமை நேராக வேள்விச் சாலைக்கே வந்து, குற்றம் செய்யாத பிள்ளையை ஏன் அடித்தீர்கள் என்று கேட்கிறாள். அவர்களிடம் பதில் இல்லை. உடனே ஒரு சாபம் கொடுக்கிறாள்: காணாத பயம் ஒன்று உன்னை வந்து சேரும். நோய், மரணம், நாடிழப்பு எதையும் அவள் சொல்லவில்லை. எங்கிருந்து, எதனால் என்று தெரியாத பயம் மட்டும்தான். அரசன் ஆடிப்போய், அதைப் போக்க ஒரு புரோகிதரைத் தேடி அலைகிறான்.

தன் குட்டி அனுபவித்ததைத்தான் அந்தத் தாய் திருப்பிக் கொடுத்தாள் என்று வாசிக்க இடமிருக்கிறது. ஏன் என்று தெரியாமல் அடி வாங்குவது எப்படி இருக்கும் என்று அரசனுக்குத் தெரியட்டும் என்ற கணக்கு அது. கார் சீட்டில் நடுங்கும் நாயின் பயமும் அந்த வகையைச் சேர்ந்ததே.

காரில் வரும் குமட்டலின் இயக்கம் இப்போது நன்றாகவே தெரியும். உட்காதிலுள்ள அரைவட்டக் குழல்கள் உடலின் அசைவை மூளைக்குச் சொல்கின்றன. கண் வேறு செய்தி அனுப்புகிறது. சிறிய நாய்க்குச் சீட்டில் உட்கார்ந்தால் ஜன்னல் எட்டாது. கண்ணுக்கு எதிரே இருப்பது அசையாத சீட்டின் முதுகு. காதோ பிரேக், குலுக்கல், திருப்பம் அத்தனையையும் பதிவு செய்கிறது. இரண்டு செய்தியும் முரண்படும்போது குமட்டல் வருகிறது. குட்டிகளுக்கு அந்தச் சமநிலை உறுப்பு முழுதாக முதிர்ந்திருக்காது. அதனால் அவற்றுக்கே இது அதிகம். ஒரு வயதை ஒட்டிப் பல நாய்களுக்குத் தானாகவே விட்டுவிடும்.

ஆனால் காது சரியான பிறகும் நினைவு சரியாவதில்லை. உடல் மறந்ததை மனம் பிடித்துக்கொள்கிறது. பாவ்லோவின் நாய்களுக்கு உணவு வரும் முன்பே அதற்கான அறிகுறியைக் கண்டு எச்சில் ஊறியது. வேலப்பன்சாவடியில் நிறுத்தியிருக்கும் காரைப் பார்த்த மாத்திரத்தில் எச்சில் வடிக்கும் நாய்க்கும் அதே கணக்குதான். ஒன்றில் பசி, மற்றதில் குமட்டல். பல வீடுகளில் நாய் காரில் ஏறுவதே ஊசி போடப் போகும்போது மட்டும்தான். கார் என்றால் குமட்டல், குமட்டலின் முடிவில் மருந்து வாடை, முன்பின் தெரியாத கைகள். அது தப்பான முடிவுக்கு வந்துவிட்டது என்று நாயைக் குறை சொல்ல முடியாது. தனக்குக் கிடைத்த சான்றுகளிலிருந்து சரியாகத்தான் அனுமானித்திருக்கிறது.

விலங்குகளைப் பொறிகளாகப் பார்த்த டெக்கார்ட்டுக்கு இங்கே பிரச்சினையே இருந்திருக்காது. 1789இல் பெந்தாம் அதை மறுத்து, விலங்கால் சிந்திக்க முடியுமா பேச முடியுமா என்பதை விட்டு, துன்பப்பட முடியுமா என்பதையே கேட்க வேண்டும் என்றார். தமிழில் இந்த விசாரணைக்கு வயது அதிகம். தொல்காப்பிய மரபியல் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஆறாவது அறிவாக மனத்தை வைக்கிறது. விலங்குகளில் சிலவற்றுக்கும் அந்த ஆறாவது உண்டு என்று சொல்லும் நூற்பாவும் அங்கே உண்டு. ‘ஐந்தறிவு ஜீவன்’ என்று ஆட்டோ ஓட்டுநர் முதல் பட்டிமன்றப் பேச்சாளர் வரை சொல்லிக்கொண்டிருக்கும் நம் ஊரில், அந்தக் கதவு பாதி திறந்தே வைக்கப்பட்டிருப்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நினைத்துப் பயப்படுவதற்கு மனம் வேண்டும். நின்றுகொண்டிருக்கும் காரைப் பார்த்து நடுங்கும் நாய் அந்த விதத்தில் தொல்காப்பியருக்கு ஒரு சாட்சி.

சிறிய நாய்களின் பயணத் துன்பத்தை இதுவரை மிக நுணுக்கமாக அளந்தவர்கள் சோவியத் விஞ்ஞானிகள். ஸ்புட்னிக் 2 கலத்தில் 1957 நவம்பர் 3 அன்று அனுப்பப்பட்ட லைக்கா மாஸ்கோ தெருவில் பிடித்த பெண் நாய். எடை ஆறு கிலோ அளவில்தான். குறுகிய இடத்துக்குப் பழகட்டும் என்று, படிப்படியாகச் சிறிதாகும் கூண்டுகளில் நாள்கணக்கில் வைத்திருந்தார்கள். புறப்படும் முன் நிமிடத்துக்கு 103ஆக இருந்த அதன் இதயத் துடிப்பு, கலம் மேலெழும்போது 240ஐத் தொட்டது. தரையில் செய்த சோதனைகளில் ஆனதைப்போல் மூன்று மடங்கு நேரம் எடுத்துத்தான் அது அடங்கியது. சில மணி நேரத்தில் கலத்தின் வெப்பம் தாங்காமல் லைக்கா இறந்ததை உலகம் தெரிந்துகொண்டது 2002இல்தான். அனுப்புவதற்கு முன் விளாதிமிர் யாஸ்தோவ்ஸ்கி என்ற விஞ்ஞானி அதைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளைகளோடு விளையாட விட்டார். திரும்பி வராத நாய்க்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று தோன்றியதாம். மனசாட்சி வேலை செய்ததற்கு அடையாளம் அது. அந்த மாலைப்பொழுது லைக்காவுக்காகவா யாஸ்தோவ்ஸ்கிக்காகவா என்று கேட்டால், பின்சீட்டு அம்மாவின் வாக்கியம் எழுப்பிய அதே சிக்கல் வருகிறது.

அடுத்து வந்தது பெல்கா. 1960 ஆகஸ்ட் 19 அன்று ஸ்ட்ரெல்காவுடன் சுற்றுப்பாதைக்குப் போய் உயிரோடு திரும்பிய நாய். நான்காவது சுற்றில் பெல்கா அமைதி இழந்து திமிறி வாந்தி எடுத்தது. அதைப் பார்த்துத்தான், முதல் மனிதனை ஒரு சுற்றுக்கு மேல் அனுப்ப வேண்டாம் என்று யாஸ்தோவ்ஸ்கி பரிந்துரைத்தார். 1961 ஏப்ரல் 12 அன்று ககாரின் ஒரே ஒரு சுற்றோடு 108 நிமிடத்தில் இறங்கிவிட்டார். நாலு மாதம் கழித்து ஒரு நாள் முழுக்கப் பறந்த டிட்டோவ், விண்வெளியில் வாந்தி எடுத்த முதல் மனிதர் ஆனார். நாய் சொன்னது சரி என்று அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒரு நாயின் குமட்டலை இவ்வளவு மரியாதையோடு கேட்ட கூட்டம் அதுவரை இருந்ததில்லை. ஆனால் கேட்டது மனிதனுக்காக.

இன்றைக்கு மருந்து இருக்கிறது. 2007இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாரோபிட்டன்ட், மூளையின் வாந்தி மையத்துக்குச் செய்தி கொண்டுபோகும் ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற வேதிப்பொருளின் வழியை அடைக்கிறது. பதினாறு வாரம் கடந்த நாய்க்கு, கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும். அளவை எடை பார்த்து மருத்துவர் சொல்லுவார். அது வாந்தியை நிறுத்தும். பயத்தை நிறுத்தாது. பயத்துக்கு டிரசோடோன், கபாபென்டின் போன்றவற்றை மருத்துவர்கள் தனியாக எழுதுகிறார்கள்.

பழைய முறை ஒன்று உண்டு: அசிப்ரோமசின். கொடுத்தால் நாய் துவண்டு படுத்துக்கொள்ளும், ஊளை இல்லை, திமிறல் இல்லை. ஓட்டுகிறவருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் விலங்கு நடத்தை மருத்துவர்கள் பலர் அதை மட்டும் நம்பிக் கொடுப்பதை இப்போது எச்சரிக்கிறார்கள். உடல் அடங்கிவிடும், பயம் உள்ளே அப்படியே இருக்கக்கூடும் என்கிறார்கள். மதத் தத்துவம் படித்தவர்களுக்கு இந்த இடம் கூர்மையாகப் படும். துன்பத்தின் வெளித்தோற்றத்தை அகற்றுவதும் துன்பத்தை அகற்றுவதும் ஒன்றா? அமைதியாகக் கிடக்கும் நாயைப் பார்த்து நிறைவடைவது யாருடைய மனம்? அகிம்சையை வெளியே தெரியும் செயலோடு நிறுத்தாத சமண மரபு இந்தக் கேள்வியை உடனே புரிந்துகொண்டிருக்கும்.

சமணத்தைச் சொன்னால் திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியைச் சொல்லாமல் போக முடியாது. குணமாலையார் இலம்பகத்தில், சோற்றைத் தொட்டதற்காக அந்தணர்கள் ஒரு நாயை அடித்துத் துரத்துகிறார்கள். அது குற்றுயிராகத் தண்ணீரில் விழுந்து தத்தளிக்கிறது. சீவகன் அதை எடுத்து, பிழைக்காது என்று தெரிந்ததும் அதன் காதில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். நாய் அடுத்த பிறவியில் சுதஞ்சணன் என்ற தேவனாகிறது. பின்னால் கட்டியங்காரனின் ஆட்கள் சீவகனைக் கொல்லக் கொண்டுபோகும்போது அந்தத் தேவன் அவனை மீட்டு வான்வழியே தன் இடத்துக்குக் கொண்டு போகிறான். நாய் மனிதனைப் பத்திரமாக ஏற்றிச் சென்ற பயணம் தமிழில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

மந்திரத்தின் பொருள் அந்த நாய்க்குப் புரிந்ததா? காப்பியம் அதைப் பொருட்படுத்தவே இல்லை. சீவகன் விளக்கம் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தான், காதருகே ஒரே குரலில், ஒரே தாளத்தில் ஓதினான். பக்தர் அதை மந்திர சக்தி என்பார். அதை நம்பாதவரும் கையையும் குரலையும் ஒதுக்க முடியாது. ஆகவே, “ஒண்ணும் இல்லடா செல்லம்” என்ற அம்மாவை நையாண்டி செய்வது சரியல்ல. அவர் தாமதமாகச் சொல்கிறார் என்பதுதான் குறை. ஓடும் வண்டியில், வயிறு புரண்ட பிறகு, பதற்றம் ஏறிய குரலில் வரும் ஆறுதல் நாய்க்குள் போவதில்லை. காரணம் சொல்லிப் புரியவைக்க முடியாத உயிருக்குச் செய்ய வேண்டியதை முன்கூட்டியே, பல நாளாகப் பிரித்துச் செய்தாக வேண்டும்.

நாய் பழக்குகிறவர்கள் செய்வது அதைத்தான். எஞ்சின் அணைந்திருக்கும் காரில், கதவைத் திறந்து வைத்து, நாய்க்கு அதன் சாப்பாட்டைக் கொடுப்பார்கள். அது தானாக ஏறி இறங்கத் தொடங்கும்வரை அவ்வளவுதான். பிறகு எஞ்சினை மட்டும் ஓடவிடுவார்கள். பிறகு தெருமுனைவரை. பிறகு ஒரு மைதானத்துக்கு. ஓடி விளையாடிவிட்டுத் திரும்பும் ஒரு பயணம். கார் போய்ச் சேருவது எப்போதும் ஊசிக்கு அல்ல என்று நாய் தன் அனுபவத்தில் திருத்திக்கொள்ள வேண்டும். நீளப் பயணம் என்றால் சில மணி நேரம் முன்பிருந்தே பெரிய சாப்பாடு இல்லை. ஜன்னல் கொஞ்சம் திறந்து, வெளியே தெரியும்படி உயரமான இருக்கையில் பட்டையோடு கட்டி, அல்லது நன்கு பொருத்திய கூண்டுப் பெட்டிக்குள். கீழே வீட்டு வாசம் உள்ள துணி. பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்குகளுக்கு மூச்சிரைப்பே ஆபத்து என்பதால் சித்திரை வெயிலில் நண்பகல் பயணம் கூடாது. நிறுத்திய காருக்குள் நாயை ‘ரெண்டே நிமிஷம்’ விட்டுப் போவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இங்கே இன்னொரு சிறு விஷயம். பஸ்ஸில் குமட்டினால் எலுமிச்சம்பழத்தை மோந்து பார்ப்பது நம் வழக்கம். அன்பு மிகுதியால் நாயின் மூக்கருகிலும் அதைக் காட்டுகிறவர்கள் உண்டு. டேஷ்போர்டில் எலுமிச்சை மணத்தோடு ஒரு டப்பாவும் ஆடிக்கொண்டிருக்கும். பல நாய்களுக்கு எலுமிச்சை வாடையே ஆகாது, அவற்றின் மூக்கோ நம்முடையதைவிடப் பல மடங்கு கூர்மை. தனக்கு இதமானது பிறர்க்கும் இதம் என்று கருதும் இரக்கம் அந்த இடத்தில் பிசகுகிறது. தன்னைப்போல் பிறரை நினை என்று எல்லா மதமும் சொல்கிறது. பிறர் தன்னைப்போல் இல்லாதபோது என்ன செய்வது என்பதற்கு மதங்களில் பதில் குறைவு.

சட்டம் இதில் ஓரளவு முன்னால் நிற்கிறது. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகத் தொடங்கி வைத்த முயற்சி, 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டமானது. தேவையற்ற வலியோ துன்பமோ தரும்படி விலங்கை ஏற்றிச் செல்வது அதன்படி குற்றம். 1978இன் போக்குவரத்து விதிகளில் நாய்க்கும் பூனைக்கும் தனி அத்தியாயமே உண்டு. 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், பயத்திலிருந்தும் மன உளைச்சலிலிருந்தும் விடுதலையை விலங்குகளின் ஐந்து சுதந்திரங்களில் ஒன்றாக எடுத்துச் சொன்னது. ஜல்லிக்கட்டு பற்றிய முடிவு பின்னால் மாறியது வேறு கதை. காணாத பயம் நீதிமன்ற ஆவணத்தில் ஏறியதே பெரிய செய்தி.

சைவ சித்தாந்தம் உயிரைப் பசு என்றே சொல்கிறது; கட்டுண்டது, பதியால் நடத்தப்படுவது. மாணிக்கவாசகர் தன்னை நாய் என்று சொல்லிக்கொண்ட இடங்களுக்குக் கணக்கில்லை. அந்தக் கோணத்தில் பார்த்தால் பின்சீட்டு நாயின் நிலைதான் நம் எல்லோருடையதும்: எங்கே போகிறோம் என்று தெரியாது, ஓட்டுகிறவர் நன்மைக்கே ஓட்டுகிறார் என்று நம்பச் சொல்கிறார்கள். பக்தருக்கு இது ஆறுதல். ஆனால் இந்த உவமையைத் திருப்பிப் போட்டு, நாய்க்கு முன்னால் மனிதன் பதியாக உட்காருவது அபாயம். இறைவனுக்கு எல்லாம் தெரியும் என்பது சித்தாந்தம். கார் ஓட்டுகிறவருக்கு மதுரவாயல் சிக்னலில் எவ்வளவு நேரம் நிற்பார் என்பதே தெரியாது. திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் பசு லட்சுமி, மான் வள்ளி, ஒரு காகம் ஆகியவற்றோடு ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி இருக்கிறது. இந்த உடல்களில் எந்த உயிர் எந்த வினையைத் தீர்க்க வந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது என்பது ரமணரின் நோக்கு. தெரியாது என்பதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது மரியாதையை, அதிகாரத்தை அல்ல.

ஆக, முதலில் கேட்க வேண்டியது இந்தப் பயணம் தேவையா என்பதுதான். தடுப்பூசிக்குத் தேவை. வீட்டுக்கு வந்து ஊசி போடும் மருத்துவர் கிடைத்தால் அதற்கும் தேவையில்லை; பணம் சற்றுக் கூட ஆகும். பொங்கலுக்கு ஊருக்குப் போவது, குலதெய்வக் கோயிலுக்கு எட்டு மணி நேரம் ஓட்டுவது, ஏலகிரியில் நாயோடு ஒரு படம் எடுத்துப் போடுவது, இவை நாயின் தேவைகள் அல்ல. ‘அதுவும் குடும்பத்தில் ஒருத்தர், விட்டுட்டு எப்படிப் போறது’ என்ற வாதம் அன்பிலிருந்து வருகிறது என்பதில் சந்தேகமில்லை. அதற்கு முன்னுதாரணமாகத் தருமரையே காட்டுவார்கள்.

தருமரின் கதையை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். மகாபிரஸ்தானிக பருவத்தில் இந்திரன் தேரோடு வந்து ஏறச் சொல்கிறான். கூடவே வந்த நாயை விட்டுவிடு, அதில் குற்றமில்லை என்கிறான். தருமர் மறுக்கிறார். பயந்தவரையும் அன்பு வைத்தவரையும் வேறு கதியற்றவரையும் கைவிடுவதில்லை என்பது தன் விரதம் என்கிறார். தம்பிகளையும் திரௌபதியையும் வழியில் விட்டு வந்தாயே என்று இந்திரன் மடக்குகிறான். இறந்தவர்களை எழுப்ப என்னால் முடியாது, உயிரோடு இருந்தபோது நான் யாரையும் விடவில்லை என்பது பதில். நாய் தர்மதேவதையாக உருமாறுவதால் கதை அங்கே முடிந்துவிடுகிறது. அந்த நாய் தேரில் ஏற விரும்பியதா, வான்வழி அதற்கு ஒத்துக்கொள்ளுமா என்று வியாசர் சொல்ல வேண்டி வரவில்லை. தருமர் பிடிவாதம் பிடித்தது நாயைத் தேரில் ஏற்றுவதற்காக அல்ல, கதியற்றுப் பனியில் அதை விடக்கூடாது என்பதற்காக. வேலப்பன்சாவடியில் பனி இல்லை. பழகிய வீடும் பழகிய ஆளும் இருக்கிற இடத்தில் நாயை விட்டுப் போவது கைவிடுவதில் சேராது. முன்பின் தெரியாத விடுதியில் முதல் தடவையே நாலு நாள் கொண்டுபோய் விடுவது வேண்டுமானால் அதற்குக் கிட்ட வரும்.

பழகிய ஆள் யார் என்பதில்தான் ஒவ்வொரு பொங்கலுக்கும் வீடுகளில் தகராறு. அடுத்த வீட்டுக்காரரும் ஊருக்குப் போகிறார், வேலை செய்யும் அக்காவுக்கும் அவர் வீட்டில் பண்டிகை. கடைசியில் பெரும்பாலும் பாட்டிதான் இருந்துகொள்கிறார். நாய்மேல் பாசம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பாட்டியைக் கேட்டால், செங்கல்பட்டு தாண்டுவதற்குள் தனக்கும் ரெண்டு தடவை வந்துவிடும், அதை யாரும் கேட்பதில்லை என்பார்.